படகேறும் கையில் எந்த வாட்ச்?

பிச்சாவரத்தில் என் அப்பாவின் வாட்சைத் தொலைத்தேன். எச்.எம்.டி. ஜனதா, தினமும் காலையில் சாவி கொடுக்க வேண்டிய ரகம். கல்யாணத்தின்போது அம்மா வீட்டில் அவருக்குப் போட்டது. சுரபுன்னைக் காட்டுக்குள் துடுப்புப் படகு நுழையும் இடங்களில் வேர்கள் தலையை உரசும் அளவுக்கு வளைந்து தொங்கும். ஒரு வேரைக் கையால் விலக்கினேன். வாட்சையும் பட்டையையும் சேர்த்துப் பிடிக்கும் சின்னப் பின் தெறித்தது. வாட்ச் படகின் விளிம்பில் ஒருமுறை தட்டித் தண்ணீரில் விழுந்தது. யோசிக்காமல் அதன் பின்னாலேயே பாய்ந்தேன். படகு ஒரு பக்கம் சாய்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த அக்கா மகள் அலறினாள். வயதான படகோட்டி துடுப்பைப் போட்டுவிட்டு என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். "தம்பி, குந்துங்க! அது போனா போவுது, நீங்க குந்துங்க!"

அந்த இடத்தில் இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் அடியில் கால் வைத்தால் முழங்கால் வரை புதையும் சேறு. பெரியவர் பொறுமையாகத் துடுப்பால் துழாவிப் பார்த்தார். கிடைக்கவில்லை.

படகில் போகும்போது விலை உயர்ந்த வாட்ச் கட்டலாமா, மலிவானதே போதுமா என்று நண்பர்கள் கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பின்தான் ஞாபகம் வரும். எத்தனை மீட்டர் ஆழம் தாங்கும், எந்த நாட்டு இயந்திரம், என்ன உலோகம் என்றுதான் பேச்சு போகும். இத்தனை வருடம் படித்தும் கேட்டும் கட்டியும் பார்த்தபின் நான் வந்து சேர்ந்த இடம் வேறு. கைவிட மனம் வராத வாட்சைக் கட்டிக்கொண்டு படகேறக் கூடாது. இதற்கும் விலைக்கும் சம்பந்தம் உண்டு, ஆனால் விலை மட்டுமே அல்ல. அப்பாவின் ஜனதாவைப் பழைய பொருள் கடையில் யாரும் பெரிய விலைக்கு வாங்கியிருக்கமாட்டார்கள்.

கடலுக்கும் விலை உயர்ந்த கடிகாரத்துக்கும் உள்ள உறவு பழையது. நடுக்கடலில் கப்பல் கிழக்கு மேற்காக எங்கே நிற்கிறது என்று கணக்கிட, புறப்பட்ட ஊரின் நேரம் பிசகாமல் தெரிய வேண்டும். அதற்கு வழி காண்பவருக்கு 20,000 பவுண்டு வரை பரிசு என்று 1714-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டமே போட்டது. ஜான் ஹாரிசன் என்ற தச்சர் மகன் பல பத்தாண்டுகள் உழைத்துச் செய்த நான்காவது கடிகாரம் 1761-ல் ஜமைக்காவுக்குப் பயணமானது. அதன் வழக்கமான பிசகைக் கழித்துப் பார்த்தபோது 81 நாளில் சுமார் 5 வினாடிதான் பின்தங்கியிருந்தது. அது 13 சென்டிமீட்டர் விட்டமுள்ள பெரிய கடிகாரம். பெட்டிக்குள் பத்திரமாகப் போனது. கயிறு இழுத்த எவர் கையிலும் அதைக் கட்டவில்லை. கடற்கடிகாரம் பெட்டிக்குள் இருந்த காலம்தான் நீண்டது, கைக்கு வந்தது பின்னால்தான்.

கைக்கு வந்த கதையிலும் ஒரு நுட்பம் உண்டு. 1926-ல் ரோலக்ஸ் நிறுவனம் மூடியும் சாவியும் திருகி அடைக்கும் ஆய்ஸ்டர் கூட்டை அறிமுகம் செய்தது. அடுத்த ஆண்டு அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். தானும் கடந்ததாக வேறொருத்தி சொன்ன பொய்யால் சந்தேகம் கிளம்ப, தன்னை நிரூபிக்க இரண்டு வாரத்தில் மறுபடி இறங்கினார். ரோலக்ஸ் தன் வாட்சை அவரிடம் கொடுத்தது. குளிர் தாங்காமல் பத்து மணி நேரத்துக்கு மேல் போராடிய அவரைப் படகில் தூக்கிவிட்டார்கள். வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. நவம்பரில் 'டெய்லி மெயில்' முதல் பக்கம் முழுக்க அதைச் சொல்லும் ரோலக்ஸ் விளம்பரம். வாட்ச் அவர் கழுத்தில் தொங்கியது, மணிக்கட்டில் இல்லை. தண்ணீர் உள்ளே போகவில்லை என்பதை அந்த நீச்சல் காட்டியது. வேலை செய்யும் கையில் அது தங்குமா என்ற கேள்வி அப்படியே நின்றது.

அதற்குப் பின் மூழ்குபவர்களின் காலம். 1953-ல் பிளாங்பேன் நிறுவனத்தின் ஃபிஃப்டி ஃபாதம்ஸ், அதே காலத்தில் ரோலக்ஸின் சப்மரைனர், 1965-ல் செய்கோவின் 150 மீட்டர் வாட்ச். இவையெல்லாம் பிறந்தபோது தொழில்காரர்களின் கருவிகள். 1968-ல் குரே நகரத்திலிருந்து ஒரு ஜப்பானிய ஆழ்கடல் மூழ்குநர் செய்கோவுக்குக் கடிதம் எழுதினார்: எங்கள் ஆழத்துக்கு எந்த வாட்சும் தாங்குவதில்லை என்று. 1975-ல் டைட்டானியக் கூட்டில் 600 மீட்டர் வாட்ச் வந்தது. தொழிலாளி ஒருவரின் புகாரிலிருந்து பிறந்த பொருள் என்பதால் எனக்கு அந்த வாட்சின் மீது தனி மரியாதை. இன்று இந்த ரகங்களைப் பெரும்பாலும் கட்டுவது கழுத்தளவுத் தண்ணீருக்கு மேல் இறங்காதவர்கள். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் மூழ்குவதற்குச் செய்த வாட்சைப் படகுக்கு என்று விற்கும்போது, படகின் ஆபத்து வேறு என்பது மறந்துபோகிறது.

முதலில் தண்ணீரைப் பார்ப்போம். வாட்சின் முதுகில் 30 மீட்டர், 50 மீட்டர், 100 மீட்டர் என்று பொறித்திருக்கும். 10 மீட்டர் தண்ணீர் ஏறக்குறைய ஒரு வளிமண்டல அழுத்தம். படகிலிருந்து விழுந்தால்கூட நாம் இரண்டு மூன்று மீட்டருக்குக் கீழே போவதில்லை. வேகமாகக் கையை வீசி நீந்தினால் அழுத்தம் பல மடங்கு ஏறிவிடும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் விசைப்படகிலிருந்து தூக்கி எறியப்பட்டாலும் தண்ணீர் மோதும் அழுத்தம் சுமார் ஒரு வளிமண்டலம்தான், அதாவது 10 மீட்டர் ஆழத்துக்குச் சமம். அப்படியானால் 30 மீட்டர் வாட்சே போதும் அல்லவா? புது வாட்சாக இருந்தால் பெரும்பாலும் போதும். ஆனாலும் போதாது என்று நான் சொல்வதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, சோதனை. சாதாரண நீர்த்தடை வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 22810 தரத்தில் மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். மூழ்குநர் வாட்சுக்கான ஐ.எஸ்.ஓ. 6425 தரத்தில் ஒவ்வொரு வாட்சையும், பொறித்த ஆழத்தைவிடக் கால் பங்கு கூடுதல் அழுத்தத்தில், சோதிக்க வேண்டும். நடைபாதைக் கடையில் 300 மீட்டர் என்று அச்சிட்டு விற்கும் வாட்சுக்கு எந்தத் தரமும் கிடையாது, வெறும் மை. இரண்டாவது காரணம்தான் முக்கியம்: வாஷர். மூடிக்கும் சாவிக்கும் கண்ணாடிக்கும் இடையே இருக்கும் ரப்பர் வளையங்கள்தான் தண்ணீரைத் தடுக்கின்றன. வெயில், வியர்வை, சன்ஸ்கிரீன், உப்பு எல்லாம் சேர்ந்து அந்த ரப்பரை இறுகவைத்து, தட்டையாக்கி, கடைசியில் வெடிக்கவைக்கும். முதுகில் பொறித்த எண் மட்டும் மாறாமல் அப்படியே இருக்கும். பத்து லட்ச ரூபாய் வாட்சானாலும் பத்து ஆண்டு திறக்காமல், வாஷர் மாற்றாமல் இருந்தால், நேற்று வாங்கிய ஆயிர ரூபாய் வாட்ச் அதைவிடத் தண்ணீருக்குப் பத்திரம்.

வெயிலில் கிடந்த வாட்சோடு தண்ணீரில் குதிப்பதும் இதில் சேரும். படகின் தளத்தில் கிடந்து 60 டிகிரிக்குக் காய்ந்த வாட்ச் 28 டிகிரித் தண்ணீருக்குள் போனால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும். தேய்ந்த வாஷராக இருந்தால் வாட்ச் தானே தண்ணீரை உறிஞ்சும். அன்று மாலை கண்ணாடியின் உட்புறம் மூடுபனி படர்ந்திருந்தால் அதைத் துடைக்க முடியாது. அன்றே ரிப்பேர் கடைக்கு ஓட வேண்டும்.

எங்கள் தெரு வாட்ச் ரிப்பேர்க்காரர் ஒருமுறை எனக்கு ஒன்றைத் திறந்து காட்டினார். கடலோரத்தில் வேலை பார்க்கும் ஒருவருடைய, நல்ல வெளிநாட்டுக் கம்பெனி எஃகு வாட்ச். வெளியே பளபளவென்று இருந்தது. முதுகு மூடியைக் கழற்றியதும், வாஷர் உட்காரும் பள்ளத்தைச் சுற்றி ஊசியால் குத்தியதுபோலக் கருப்புப் புள்ளிகள். லென்ஸில் பார்த்தபோது ஒவ்வொன்றும் குழியாகவே இருந்தது. கடல் நீரில் ஒரு லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. எஃகின் மேற்பரப்பைக் காக்கும் மெல்லிய படலம் காற்று படும் இடத்தில் தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இடுக்கில் காற்றும் இல்லை, உப்பு மட்டும் தங்கும், அங்கேதான் அரிப்பு தொடங்கும். வாட்சுகளில் பரவலாகப் பயன்படும் 316 எல் எஃகில் மாலிப்டினம் கலந்திருப்பது இந்த அரிப்பைத் தள்ளிப்போடத்தான், அறவே ஒழிக்க அல்ல. டைட்டானியம் இதில் எவ்வளவோ மேல். மலிவான வாட்சுகளில் பித்தளைக்கு மேல் குரோமியம் பூசியது கடலுக்கு ஆகவே ஆகாது, ஒரே மழைக்காலத்தில் பூச்சு உரிந்து பச்சை பூக்கும். உடம்பு முழுக்கப் பிளாஸ்டிக்கான மலிவு வாட்ச் இந்தத் தொல்லையிலிருந்து தப்பித்துக்கொள்ளும். அதன் பகை வேறு: அந்த ரெசின் பட்டை வெயிலிலும் ஈரத்திலும் சில ஆண்டுகளில் நொறுங்கும். பட்டையை மாற்றினால் தீர்ந்தது.

எந்த விலை வாட்சானாலும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஓடும் குழாயில், சாவி அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, செயின் இடுக்குகளையும் பட்டையின் அடிப்பக்கத்தையும் சேர்த்து.

இனி பின். மெல்லிய, உள்ளே சுருள்வில் வைத்த ஒரு குழாய்க் கம்பி. கூட்டின் இரு காதுகளிலும் இருக்கும் துளைகளில் அதன் முனைகள் உட்காரும். ஐந்நூறு ரூபாய் வாட்சும் ஐந்து லட்ச ரூபாய் வாட்சும் பெரும்பாலும் இதே வகைக் கம்பியில்தான் தொங்குகின்றன. பிரான்சிஸ் சிசெஸ்டர் 1966-67-ல் 'ஜிப்ஸி மோத் 4' பாய்மரப் படகில் தனியாக உலகைச் சுற்றினார், கடலில் 226 நாள். தன் ரோலக்ஸ் பலமுறை அடிபட்டுக் கையிலிருந்து கழன்று விழுந்தும் பழுதாகவில்லை என்று அவர் பின்னாளில் அந்த நிறுவனத்துக்கு எழுதினார். வாட்சின் உறுதிக்குச் சான்றாக அதைக் காட்டுவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு: பலமுறை கழன்று விழுந்தது! ஒவ்வொரு முறையும் படகுக்குள் விழுந்தது அவர் அதிர்ஷ்டம்.

இதற்கு ராணுவம் ஒரு வழி கண்டது. 1973-ல் பிரிட்டிஷ் ராணுவத் தரத்தில் வந்த, இன்று நேட்டோ பட்டை என்று விற்கும் நைலான் பட்டை. ஒரே நாடாவாக இரண்டு பின்களிலும் நுழைந்து வாட்சின் அடியில் ஓடும். ஒரு பின் தெறித்தாலும் மற்றொன்றில் வாட்ச் தொங்கும். விலை சில நூறு ரூபாய். அப்பாவின் வாட்சுக்கு அதைப் போட்டிருந்தால் இன்றும் அது வீட்டில் இருக்கும்.

நானும் பல ஆண்டு இதையே எல்லாருக்கும் சிபாரிசு செய்தேன். காசிமேட்டில் ஒருநாள் பார்த்தது என் நினைப்பை மாற்றியது. விசைப்படகு ஒன்றில் வலையைச் சரிசெய்யத் தொடங்கும் முன் ஒருவர் தன் வாட்சைக் கழற்றி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடினார். "ஏன்ணே, தண்ணி பட்டா போயிருமா?" என்று கேட்டேன். "வாட்சு போனா வேற வாங்கிக்கலாம் சார். கயிறு மாட்டுனா கை போயிரும்" என்றார்.

கயிறு, சுழலும் விஞ்ச், நங்கூரச் சங்கிலி, தளத்தில் துருத்தும் இரும்புக் கொக்கிகள் இவற்றுக்கு நடுவே மணிக்கட்டில் ஒரு எஃகு வளையம் இருக்கிறது. படகிலிருந்து கரைக்குத் தாவும்போது அது கொக்கியில் மாட்டினால், உடம்பு எடை முழுவதும் அந்த இடத்தில் இறங்கும். மோதிரம் மாட்டி விரல் தோலுரிந்த காயங்களைப் படகுக்காரர்கள் பலர் அறிவார்கள். வாட்ச் செயினும் அதே குணம்தான். அந்த நேரத்தில் பின் தெறிப்பது நல்லது. தெறிக்காத நேட்டோ பட்டை வாட்சைக் காப்பாற்றும், கையைக் காப்பாற்றுமா என்பது சந்தேகம். வாட்சுக்கு எது பத்திரமோ அது கைக்கு ஆபத்து, கைக்கு எது பத்திரமோ அதில் வாட்ச் போய்விடும். இந்த முரண்பாட்டை எந்தக் கம்பெனியும் தீர்க்கவில்லை, தீர்க்கவும் முடியாது. வேலை செய்யும் படகில் எளிதாக அறுந்து போகக்கூடிய பட்டையில், போனால் போகட்டும் என்று விடக்கூடிய வாட்ச் கட்டுவதே சரி என்று நான் சொல்வது இதனால்தான். அந்தத் தாராளம் மலிவான வாட்சிடம்தான் நமக்கு வரும். விலை உயர்ந்ததைக் கட்டியவர் அதைக் கழன்றுபோகாமல் இறுக்கிக் கட்டுவார், விழுந்தால் பின்னாலேயே பாய்வார். நான் பாய்ந்தேனே.

உபயோகம் என்று பார்த்தாலும் மலிவு வாட்ச் பல இடங்களில் முந்துகிறது. பாய்மரப் பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911-லிருந்து இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காகப் பாய்மரப் படகு ஓட்டிய நால்வரில் நேத்ரா குமணன், வருண் தக்கர், கே.சி. கணபதி மூவரும் சென்னைக்காரர்கள். இந்தப் பந்தயங்களில் ஐந்து நிமிடம் முன்னதாக எச்சரிக்கைக் கொடி ஏறும், நான்கு நிமிடம் இருக்கையில் ஆயத்தக் கொடி ஏறும், ஒரு நிமிடம் இருக்கையில் அது இறங்கும், பிறகு தொடக்கம். படகு நின்று புறப்பட முடியாது. சரியாகப் பூஜ்யத்தில் கோட்டைத் தொடும்படி முழு வேகத்தில் வர வேண்டும். ஊதல் சத்தத்தை நம்பக் கூடாது, கொடிதான் கணக்கு என்பது விதி. 170 மீட்டர் தள்ளி இருப்பவருக்குச் சத்தம் அரை வினாடி தாமதமாகத்தான் கேட்கும். எனவே கொடி அசைந்த கணத்தில் பொத்தானை அழுத்தி, பின்னோக்கி எண்ணும் வாட்ச் வேண்டும். பெரிய எண்களோடு பீப் ஒலி எழுப்பும் சில ஆயிர ரூபாய் டிஜிட்டல் வாட்ச் இதை ஒழுங்காகச் செய்கிறது. இதையே பல்சக்கரங்களால் செய்து காட்ட ரோலக்ஸ் 2007-ல் யாட்-மாஸ்டர் 2 கொண்டுவந்தது. 1 முதல் 10 நிமிடம் வரை எதிர்எண்ணல், கொடிக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளும் இயந்திர நினைவு. பொறியியலாக அது பெரிய சாதனை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் அலை முகத்தில் அடிக்கும்போது கையைத் திருப்பிப் பார்க்காமல் காதால் எண்ண அதில் வழியில்லை.

வழி கணிப்பதிலும் இதே கதை. பூமி 4 வினாடியில் சுழலும் தூரம் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல். ஒரு நாளுக்கு 2 வினாடி பிசகும் உயர்ந்த இயந்திர வாட்ச், சரிபார்க்காமல் விட்டால், ஒரு மாதத்தில் 15 கடல் மைல் தவறு தரலாம். மாதத்துக்கு 15 வினாடி பிசகும் சாதாரணக் குவார்ட்ஸ் நான்கு மைலுக்குள் அடங்கும். செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 1969 டிசம்பரில் விற்றபோது விலை 450,000 யென், ஒரு காரின் விலை. அந்தத் துல்லியம் இன்று பெட்டிக் கடையில் கிடைக்கிறது. ஜி.பி.எஸ். இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். ஜி.பி.எஸ். தடை செய்த கோல்டன் குளோப் பந்தயத்தில், செக்ஸ்டன்டையும் நேரத்தையும் நம்பித் தனியாக உலகைச் சுற்றி 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்த அபிலாஷ் டாமியைக் கேட்டால் அந்தக் கேள்வி எழாது.

முரட்டுத்தனத்துக்கு ஜி-ஷாக் போதும். அப்பா தந்த வாட்ச் விழுந்து உடைந்த வருத்தத்தில், காசியோவின் கிகுவோ இபே என்ற பொறியாளர் தொடங்கிய வேலை அது. இருநூறுக்கு மேற்பட்ட மாதிரிகளை மாடி ஜன்னலிலிருந்து போட்டுப் பார்த்தபின், 1983-ல் அது விற்பனைக்கு வந்தது. அப்பாவின் வாட்சைத் தொலைத்தவன் என்ற முறையில் அந்த மனிதர் எனக்கு நெருக்கமானவர்.

மலிவு டிஜிட்டலின் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். படகில் தண்ணீரின் பளிச்சைத் தடுக்கப் போலராய்டு கண்ணாடி போடுகிறோம். அதன் வழியே சில கோணங்களில் டிஜிட்டல் முகம் முழுக்கக் கறுப்பாகிவிடும், எண்ணே தெரியாது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். முள் வாட்சுக்கு இந்தத் தொல்லை இல்லை. வாங்கும் முன் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

அப்படியானால் விலை உயர்ந்ததைக் கட்டவே கூடாதா? படகில் எந்த வேலையும் இல்லாமல், யாரோ ஓட்ட, உட்கார்ந்து காற்று வாங்கப் போகிறவர் தாராளமாகக் கட்டலாம். சாவி திருகி மூடும் ரகமாக, 100 மீட்டருக்குக் குறையாததாக, அண்மையில் வாஷர் மாற்றி அழுத்தம் சோதித்ததாக, பின் புதிதாக இருந்தால் கடல் அதை ஒன்றும் செய்யாது. தோல் பட்டை மட்டும் வேண்டாம். காப்பீடு இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் பாலிசியை ஒருமுறை படிப்பது நல்லது. மெல்ல மெல்ல உள்ளே கசிந்த தண்ணீரும் தேய்மானமும் பொதுவாக அதில் சேராது. கடலுக்கென்றே செய்த வாட்சைக் கடல் பக்கமே காட்டாமல் பூட்டி வைப்பதும் எனக்கு வருத்தம்தான். நினைவுப் பொருளாகிவிட்டதை மட்டும், அது எவ்வளவு மலிவானாலும், கரையில் விட்டுவிட வேண்டும்.

அன்று படகில் அலறிய அக்கா மகள் இப்போது பாய்மரப் படகு கற்றுக்கொள்கிறாள். முதல் வருடச் சம்பளத்தைச் சேர்த்து ஒரு ஸ்விஸ் வாட்ச் வாங்கியிருக்கிறாள், 200 மீட்டர், எஃகுச் செயின். "மாமா, இதைக் கட்டிட்டுப் போகலாமா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். நல்ல வாட்ச். பின்னை நகத்தால் அழுத்திப் பார்த்தேன், அதுவும் நன்றாகவே இருந்தது. முதல் வருடச் சம்பளத்து வாட்ச் என்றுதான் எனக்குத் தயக்கம். என் பழைய கறுப்புப் பிளாஸ்டிக் வாட்சைக் கழற்றிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் கட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் திரும்பி வந்தவள், செருப்பைக்கூடக் கழற்றாமல் கொல்லைக் குழாயடிக்குப் போய் வாட்சைக் கழுவினாள். பட்டையின் அடிப்பக்கம் வரை தேய்த்துக் கழுவித் துணியில் ஒற்றிக்கொண்டே கேட்டாள்: "தாத்தா வாட்ச் விழுந்த இடம் உங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா?"

இருக்கிறது என்றேன்.